பிச்சாவரம் ஒளிப்படப் பயணம்: வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் தகுமா?

புதுச்சேரியிலிருந்து இயங்கும் சிறு குழு ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஒளிப்பட ஆர்வலர்களை வழிகாட்டியுடன் அழைத்துச் செல்கிறது. ஒரு நாள் பயணத்துக்கு ஆளுக்கு 3,500 ரூபாய். வேன், காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, படகுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். தை மாதத்தில் நான் கடலூரில் வேன் ஏறினேன். சிதம்பரம் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள படகுத்துறையில் நாமே சீட்டு வாங்கிக்கொண்டால் இதில் சிறு பகுதிதான் செலவாகும். எனவே மீதிப் பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கணிப்பில், கிடைப்பது தண்ணீரைப் பற்றிய அறிவு. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் இந்தக் காட்டில், கடல் நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அந்தச் சில சாண் உயரம்தான் ஒரே வாய்க்காலை இரண்டு வேறு காட்சிகளாக மாற்றுகிறது. பயண ஏற்பாட்டாளர்கள் வார இறுதி விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்காமல், கடல் நீர் மிகுதியாக ஏறி வற்றும் பௌர்ணமியை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று முற்பகலில் நீர் நன்றாக ஏறி, பிற்பகலில் நன்றாக வற்றியது. நீர் ஏறியிருந்தபோது, கிளைகள் இருபுறமிருந்தும் கவிந்து கூரை போட்ட குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகில் நுழைந்தோம்; வற்றத் தொடங்கியதும் அகலமான வாய்க்கால்களுக்குத் திரும்பி, வெளியே தெரியத் தொடங்கிய வேர்களை எடுத்தோம். தனியாகப் போகிறவருக்குச் சீட்டு கிடைக்கும் நேரம்தான் படம் எடுக்கும் நேரமாகிவிடுகிறது. இங்கே நேரத்தைத் தண்ணீர் முடிவு செய்தது. மோட்டார் படகைத் தவிர்த்ததும் சரியான முடிவு. அது எழுப்பும் அலையில் நீரில் விழும் பிம்பம் கலைந்துவிடும், கரையோரப் பறவைகளும் எழுந்துவிடும்.

வேர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுரபுன்னை மரம் தன் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்குவேர்களின் மேல் நிற்கிறது. வெண்கண்டலோ சேற்றுக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு மூச்சுவேர்களை நூற்றுக்கணக்கில் மேலே நீட்டுகிறது. உயிர்வளி இல்லாத உப்புச் சேற்றில் வேர் மூச்சுவிடுவதற்கான ஏற்பாடு இது. வழிகாட்டி படகை ஓரிடத்தில் நிறுத்தி, சுரபுன்னைக் கிளையில் தொங்கிய நீண்ட பச்சைக் காய் போன்ற ஒன்றைக் காட்டினார். தாய்மரத்தில் இருக்கும்போதே விதை முளைத்துவிட்ட நாற்று அது; நுனி கூர்ந்து, மேல்புறம் சொரசொரவென்று புள்ளிகளோடு இருந்தது. விழும்போது நீர் வற்றியிருந்தால் அப்படியே சேற்றில் குத்தி நிற்கும், நீர் ஏறியிருந்தால் மிதந்து வேறிடம் போய் வேரூன்றும். இதைத் தெரிந்துகொண்டபின் எங்கள் குழுவில் பலர் காட்டின் அகலக் காட்சியை விட்டுவிட்டு அந்த நாற்றுகளையே நெருங்கி எடுக்கத் தொடங்கினார்கள். அன்றைய நல்ல படங்களும் அவைதான்.

படகோட்டியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒரு வளைவில் நான் கிளையை ஒதுக்கக் கை நீட்டியபோது, “சார், அது தில்லை, தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து” என்று தடுத்தார். சிதம்பரம் கோயிலின் தலமரமான அதே தில்லைதான். உதிர்வதற்கு முன் அதன் இலைகள் சிவக்கும். நாங்கள் போன நாளில் சில கிளைகளில் மட்டும் அந்தச் சிவப்பு ஏறியிருந்தது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பயணத்துக்கான விளம்பரத்தில் “இலையுதிர்கால வண்ணங்கள்” என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சஸ், லூசியானா மாநிலங்களின் எல்லையில் உள்ள காடோ ஏரியில் நடக்கும் ஒளிப்படப் பயணங்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். அங்கே நீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள் ஊசியிலை வகையாக இருந்தும் இலை உதிர்ப்பவை. இலையுதிர்காலத்தில் ஏரி முழுதும் செம்பழுப்பாகிவிடும், கிளைகளிலிருந்து நரைத்த தாடிபோல ஸ்பானிஷ் பாசி தொங்கும். பிச்சாவரம் ஆண்டு முழுதும் பசுமையான காடு. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடைமழையும் கலங்கிய ஆற்றுநீரும்தான் இருக்கும். காடோ ஏரிப் படங்களைப் பார்த்துவிட்டு அந்த நிறத்தைத் தேடி வருகிறவர் ஏமாந்து போவார். பச்சைக்குள் இத்தனை பச்சை இருக்கிறது என்றும், வேர்களின் வடிவமே இங்கு படம் என்றும் சொல்லி அழைப்பதுதான் நேர்மையாக இருக்கும்.

கேமரா பற்றிய பாடம் பெரும்பாலும் பயனுள்ளதாக இருந்தது. ஆடும் படகில் முக்காலி வீண் என்பதால், ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, உயர்த்திக்கொண்டு ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே இறக்க வேண்டாம் என்றார் வழிகாட்டி. இருண்ட இலைகளுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி குறைக்கச் சொன்னார்; இல்லாவிட்டால் இறகின் வரிகள் வெளிறிப் போகும். லென்சுக்கு முன் மாட்டித் திருப்பும் வடிகட்டியான போலரைசர் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. அது இலையின் பளபளப்பைக் குறைத்துப் பச்சையை ஆழமாக்கும், ஆனால் முழுதாகத் திருப்பிவிட்டால் நீரில் விழும் பிம்பத்தையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால், பாதியில் நிறுத்தச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப்பின் திரையில் படங்களைத் திருத்திக் காட்டிய நேரம்தான் வீண். அந்த வெளிச்சத்தில் திரையே சரியாகத் தெரியவில்லை.

காட்டின் வரலாற்றையும் வழிகாட்டி தெளிவாகச் சொன்னார். முற்காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை வெட்டியதால் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து மரங்கள் முளைக்காமல் போன இடங்களில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் வந்துபோக வழி செய்து நட்டு வளர்த்தார்கள். 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காடு பின்னாலிருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது. 2022இல் இது ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. இவை தெரிந்தபின் வரிசையாக நிற்கும் மரங்களைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடுகிறது.

பெரிய குறை, விடியல் ஒளியில் படகுப் பயணம் என்று கொடுத்த வாக்கு. படகுத்துறையில் சீட்டு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் படகு கிளம்ப முடியும். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. இருட்டில் எழுந்து வந்தவர்கள் கரையில் காத்திருந்தோம். இந்த விதி ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. இன்னொன்று, ஒரே படகில் அதிகமான ஆட்களை ஏற்றியது. ஒருவர் எழுந்தால் மற்றவர் படம் அசைகிறது. வலப்பக்கம் கருந்தலை மீன்கொத்தி தெரிந்தபோது, இடப்பக்கம் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்தவரின் தலைதான் கிடைத்தது. கழிப்பறை படகுத்துறையை விட்டால் வேறெங்கும் இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். குழுவில் இருந்த பெண்கள் அதனால் சிரமப்பட்டார்கள்.

அலையாத்திக் காட்டைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு இந்தக் கட்டணம் தகும் என்றே சொல்வேன். ஏற்கெனவே அங்கு பழகியவர்கள், பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய நாளைத் தாங்களே பார்த்து, துடுப்புப் படகை முழுதாக எடுத்துக்கொண்டு போகலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு படகில் எத்தனை பேர், எத்தனை மணிக்குப் படகு கிளம்பும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.