மார்த்தாண்டத்துல வாங்குன கொடம்புளி, எப்படி இருக்கு?

மார்த்தாண்டம் மார்க்கெட் பக்கம் ஒரு மலைச்சரக்கு கடைல கால் கிலோ கொடம்புளி (மீன்குழம்புல சாதாப் புளிக்குப் பதிலா போடுறது) வாங்குனேன், 180 ரூபா ஆச்சு. ரெண்டு மாசமா வீட்டுல மீன்குழம்பு இதுலதான், அதனால தைரியமா சொல்றேன், தாராளமா வாங்கலாம். கொடுக்காப்புளின்னு நெனச்சுறாதீங்க, அது வேற. இது மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்டு மரம், பழம் குட்டிப் பூசணி மாதிரி மஞ்சளா வரிவரியா இருக்கும், அந்தத் தோட்டைப் பிச்சு புகை போட்டு கறுக்கக் காய வைப்பாங்க. இலங்கைல கொறக்கான்னு சொல்றது இதைத்தான்.

கடைக்கார அண்ணாச்சி சாக்குல இருந்து ஒண்ணை எடுத்து வளைச்சுக் காட்டுனாரு, உடையல, தோல் செருப்பு வார் மாதிரி மடங்குச்சு. "உப்பும் தேங்காயெண்ணெயும் பெரட்டி வச்சிருக்கு மக்கா, பூஞ்சை பிடிக்காது"ன்னாரு. மோந்து பார்த்தா விறகடுப்பு வாசம். ஒரே குறை, மண்ணு இருந்துச்சு, மூணு தண்ணி அலசுனாத்தான் போச்சு.

அரைக்கிலோ மத்திக்கு மூணு சுளை போதும், வெதுவெதுப்பான தண்ணில கால்மணி நேரம் ஊறப்போட்டு தண்ணியோட சேர்த்துக் கொதிக்க விடுங்க, மண்சட்டிலதான் வைக்கணும், அலுமினியம் வேண்டாம், இந்த ஆசிட் அதைக் கரைச்சுரும். மறுநாள் அந்தக் குழம்புக்கு வர்ற ருசி இருக்கே, அதுக்காகவே கொஞ்சம் கூடுதலா வைப்பேன்.

அந்தப் புளிப்புக்குப் பேரு ஹைட்ராக்ஸி சிட்ரிக் ஆசிட். எலுமிச்சைல இருக்குற சிட்ரிக் ஆசிட்தான், ஒரு ஆக்சிஜன் கூடுதல், அவ்வளவுதான். சாதாப் புளில இருக்குற டார்டாரிக், இல்லாட்டி சிட்ரிக்னு நெனச்சிட்டு இருந்ததை 1965ல லூயிஸ், நீலகண்டன்னு ரெண்டு பேர்தான் இது வேற ஆசிட்னு கண்டுபுடிச்சாங்க. நம்ம உடம்பு மாவுச்சத்தைக் கொழுப்பா மாத்துறப்போ வேலை செய்யுற ஒரு என்சைமை இது தடுக்கும், எலிங்க கிட்ட நல்லாவே வேலை செஞ்சுச்சு, அதைப் புடிச்சுக்கிட்டுதான் இந்த மரத்தோட அறிவியல் பேரை வச்சு கார்சினியா கம்போஜியான்னு ஒல்லியாகுற மாத்திரை உலகம் பூரா விக்கிறாங்க.

எங்க அக்கா ஒரு ஜிம்ல சொன்னாங்கன்னு 1,400 ரூபா குடுத்து டப்பா வாங்கி ஒன்றரை மாசம் போட்டா, எடை அப்படியே இருந்துச்சு, வயித்துவலிதான் மிச்சம். எனக்கு அவ்வளவு கோவம். ஏன்னா இதை 1998லயே அமெரிக்கால 135 பேர் கிட்ட 12 வாரம், தினம் 1,500 மில்லிகிராம் ஆசிட் குடுத்துப் பார்த்துட்டாங்க. மாத்திரை போட்டவங்க சராசரியா 3.2 கிலோ குறைஞ்சாங்க, சும்மா வெத்து மாத்திரை போட்டவங்க 4.1 கிலோ! ரெண்டு குரூப்புக்கும் ஒரே டயட்தான். அது போக கல்லீரல் கெட்டுப்போன கேஸுங்களும் மருத்துவ இதழ்கள்ல பதிவாகி இருக்கு, சுகர் மாத்திரை போடுறவங்க, லிவர் பிரச்சினை இருக்குறவங்க தயவுசெஞ்சு டாக்டரைக் கேக்காம அந்த டப்பாவைத் தொடாதீங்க. குழம்புல போடுற மூணு சுளையும் அந்த டோஸும் ஒண்ணு கிடையாது.

பழம் பழுக்குறது மழைக்காலத்துல, அதனால ஆவணி தாண்டிப் போனா புதுச்சரக்கு கிடைக்கும், வளைச்சுப் பார்த்து வாங்குங்க, கண்ணாடி பாட்டில்ல போட்டு வைங்க. அடுத்த தடவை அரைக்கிலோவா வாங்கணும், பாதி அக்காவுக்கு.