ஆப்பிள் தோட்டம்: விதை வேர்ப் பெரிய மரமா, எம்9 குட்டை மரமா?

சிம்லா மாவட்டத்தில் கோட்கர், கோட்காய், ரோஹ்ரு பக்கம் ஆப்பிள் விவசாயிகள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. விதையில் முளைத்த வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டிய பழைய பெரிய மரங்களையே வைத்துக்கொள்வதா, கம்பி கட்டி நெருக்கமாக நடும் எம்9 குட்டை மரங்களுக்கு மாறுவதா? ஊரே குட்டை மரத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோடைக்கு நிச்சயமான தண்ணீர் இல்லாதவர் எம்9 நடக் கூடாது.

சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-இல் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் ரகத்தைக் கோட்கர் பகுதிக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பின் இமாச்சலில் பரவிய தோட்டங்கள் பெரும்பாலும் விதை வேரில் நின்றவைதான். ஒவ்வொரு விதையும் தனிப் பிறவி என்பதால் ஒரே வரிசையில் ஒரு மரம் ஓங்கி நிற்கும், பக்கத்து மரம் சுணங்கி நிற்கும். எம்9 அப்படியல்ல. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் தேர்வான இந்த வேர்ச்செடியை விதை போட்டு வளர்ப்பதில்லை, தாய்ச்செடியைச் சுற்றி மண் அணைத்து வேர்பிடிக்க வைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். அதனால் ஆயிரம் செடி வாங்கினாலும் ஆயிரமும் ஒரே குணம். மரம், விதை வேரில் நிற்பதன் மூன்றில் ஒரு பங்கு உயரத்தோடு நின்றுவிடும்.

கணக்கு போட்டால் எம்9-இன் கவர்ச்சி புரியும். பெரிய மரத்தை 20 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு நூற்றொன்பது மரம்தான் வரும். எம்9-ஐ பத்தடிக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் மூன்றேகால் அடிக்கு ஒன்று என நட்டால், ஓரத்துக்கு இடம் விட்டது போக 1,200 செடி வரை நிற்கும். விதை வேர் மரம் சொல்லிக்கொள்ளும்படி காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். எம்9 மூன்றாம் வருடமே பழம் காட்டும். கடன் வாங்கி நடுபவருக்கு இந்த ஐந்து வருட வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் வராத செலவுகளும் இருக்கின்றன. 1,200 செடியின் விலை, தூண், கம்பி, சொட்டுநீர் எல்லாம் நடும் வருடமே கையை விட்டுப் போகிற பணம். எம்9-இன் வேர் மேலோட்டமானது, எளிதில் முறியக்கூடியது. வாழ்நாள் முழுக்க கம்பியைப் பிடித்துத்தான் நிற்கும். அப்புறம் தண்ணீர். இமாச்சலில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதாவது பிஞ்சு பருக்கும் நேரத்தில், மழையை நம்ப முடியாது. ஆழ வேரோடிய பழைய மரம் அதைத் தாங்கிவிடும். மேல்மண்ணிலேயே வேரை வைத்திருக்கும் எம்9 பிஞ்சைச் சிறுக்கவிடும், மிஞ்சினால் உதிர்க்கும். அங்கே தோட்டங்களில் பெரும்பகுதி மானாவாரிதான். இதைச் சொல்லாமல் மகசூலை மட்டும் சொல்லி எம்9 செடி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இரண்டு தனித்தனி முடிவுகளை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் உண்டு. வேர் ஒன்று, மேலே ஒட்டும் ரகம் வேறொன்று. ரெட் டெலிஷியஸுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரக் குளிராவது வேண்டும். காலா ரகத்துக்கு அதைவிடக் குறைவே போதும். பனி குறைந்துவிட்ட தாழ்வான மலைச்சரிவில் ஒருவர் எம்9-இல் காலா வைத்து நன்றாக விளைந்தால், பெரும்பாலும் அந்தப் பெருமை காலாவுக்குத்தான் சேர வேண்டும். சூப்பர் சீஃப் போல வளர்ச்சி குறைந்த குட்டைக்கிளை ரகத்தை எம்9-இல் ஒட்டினால், ரகமும் சோம்பல், வேரும் சோம்பல். மரம் கம்பியின் உச்சியைத் தொடாமலே முடங்கிப்போகும்.

நட்ட பிறகு கவனிக்க வேண்டிய ஒரு சின்ன இடம், வேரும் ரகமும் சேரும் ஒட்டு முடிச்சு. எம்9-இல் அது மண்ணுக்கு மேலே அரையடியாவது தெரிய வேண்டும். மலைச்சரிவில் மேல்பாத்தி மண் மழையில் கரைந்து இறங்கி முடிச்சை மூடிவிடும். மூடினால் மேலே இருக்கும் ரகமே வேர்விட ஆரம்பித்துவிடும். அதன் பிறகு அது குட்டை மரமே இல்லை. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு செடியின் அடியிலும் கைவிட்டு மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும்.

அறுவடை என்று வந்தால் எம்9 தெளிவாக ஜெயிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய மரத்தில் ஏணி போட்டு, கிளை மாறி, முதுகில் கில்டா கூடையைச் சுமந்து இறங்க வேண்டும். நேபாளத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஏணியை நகர்த்துவதே பெரிய பாடு என்பதால் ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பறித்துவிடுகிறார்கள். வெளிக்கிளைப் பழம் சிவந்திருக்கும், நிழலில் கிடக்கும் உள்பழம் பச்சையாகவே பெட்டிக்குப் போகும். இந்த நிறக்குறையை மறைக்க எத்ரல் என்ற பழுக்கவைக்கும் மருந்தைத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். பழம் சிவக்கும், ஆனால் சீக்கிரம் மாவாகிவிடும். குட்டை மரத்தில் எல்லாப் பழத்திலும் வெயில் படுகிறது. தரையில் நின்றபடி மூன்று நான்கு சுற்றாக, பழுத்ததை மட்டும் பறிக்கலாம். காலாவுக்கு இது அவசியமும்கூட. தாமதித்தால் காம்புப் பக்கம் வெடிக்கும்.

பறிக்கும் கை இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளங்கையில் பழத்தை ஏந்தி, ஆள்காட்டி விரலைக் காம்படியில் வைத்து, மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருப்ப வேண்டும். கீழே இழுத்தால் காம்பு பிய்ந்துவிடும், இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள மொட்டு ஒடியும். அடுத்த வருடப் பழம் அந்த மொட்டில்தான் இருக்கிறது. பக்குவம் பார்க்க, பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் தடவலாம். மாவுச்சத்து உள்ள இடம் கறுக்கும். நடுப்பகுதி வெளுத்து ஓரம் மட்டும் கறுத்தால் பறிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

ஆலங்கட்டி வலை கட்டுவதும் குட்டை மரத்துக்கு எளிது. பூச்சியில் எம்9-க்குக் குறை உண்டு. வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிச் சாறு உறிஞ்சும் பஞ்சு அசுவினி அதை விடாது. ஆயுளில் பழைய மரம் 40, 50 வருடம் நிற்கும், எம்9-க்கு 20 வருடத்தை ஒட்டி மறுநடவு யோசிக்க வேண்டியிருக்கும்.

சரி, தண்ணீர் இல்லாதவர் என்ன செய்வது? அவருக்கு எம்.எம்.111 என்ற வேர்ச்செடியைத்தான் சொல்வேன். ஈஸ்ட் மாலிங்கும் மெர்டன் என்ற இன்னொரு ஆங்கில ஆய்வு நிலையமும் சேர்ந்து, நார்தர்ன் ஸ்பை ரகத்தோடு கலந்து உருவாக்கிய வரிசையில் வந்தது. பஞ்சு அசுவினியை எதிர்க்கும், வறட்சி தாங்கும், கம்பி வேண்டாம். விதை வேர் மரத்தின் முக்கால் உயரம் வரும். குட்டைக்கிளை ரகத்தை இதில் ஒட்டினால் இரண்டும் பொருந்திப் போகும். அதே வரிசையில் வரும் எம்.எம்.106 சீக்கிரம் காய்க்கும், ஆனால் நீர் தேங்கும் மண்ணில் தண்டடி அழுகிவிடும்.

பழைய மரம் பிடுங்கிய குழியிலேயே எம்9 வைப்பதையும் தவிர்க்கலாம். ஆப்பிள் நின்ற மண்ணில் புது ஆப்பிள் சுணங்கும், வீரியமில்லாத வேருக்கு அந்தப் பாதிப்பு கூடுதல். மானாவாரித் தோட்டத்தில் காய்க்கும் பெரிய மரங்களை ஒரேயடியாக வெட்டாமல், காய்ப்பு ஓய்ந்தவற்றை வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்து, பழைய வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடத்தில் எம்.எம்.111 நட்டு வரலாம். ஊற்றோ தொட்டியோ உள்ள ஒரு பாத்தியில் மட்டும் எம்9 வைத்துப் பார்க்கலாம்.