தழைச்சத்து (நைட்ரஜன்) எதுல அதிகம் வீணாப் போகும்: நின்ன தண்ணியா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

நெல்லுக்கு எப்பவும் தண்ணி கட்டணுமா, காயவிட்டுப் பாய்ச்சணுமான்னு நிறைய பேர் குழம்புறாங்க, நான் தழைச்சத்து கணக்கை மட்டும் சொல்றேன்.

ஆவியாகுறது:
நின்ன தண்ணி – யூரியா வீசினா, மதிய வெயில்ல பாசி கரியமில வாயுவ இழுத்து தண்ணியோட காரத்தன்மை ஏறி, அம்மோனியாவா காத்துல போயிடும்.
காய்ச்சல் – காஞ்ச மண்ணுல போட்டு உடனே பாய்ச்சினா உள்ள இறங்கிடும்.

நைட்ரேட்:
நின்ன தண்ணி – மண்ணுல காத்தே இல்ல, நைட்ரேட் (தழைச்சத்தோட ஒரு வடிவம்) கம்மியாத்தான் உருவாகும்.
காய்ச்சல் – இங்கதான் மாட்டிக்கும். காயும்போது நைட்ரேட் உருவாகும், திரும்ப தண்ணி நின்னதும் பாக்டீரியா ஆக்சிஜனுக்கு பதிலா அதை எடுத்துக்கிட்டு நைட்ரஜன் வாயுவா விட்டுரும், கூடவே கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு.

மீத்தேன், தண்ணி செலவு – ரெண்டும் காய்ச்சல்லதான் கம்மி, பேச்சே இல்ல.

போர் இருந்து, வயல்ல புதைச்ச ஓட்டைக் குழாய்ல தண்ணி மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழ இறங்கினதும் பாய்ச்ச முடிஞ்சா காய்ச்சல். வாய்க்கா முறை எப்ப வரும்னே தெரியாதவங்க தண்ணிய கட்டிட்டு யூரியாவ பிரிச்சுப் போடுங்க.