வேலை பார்த்துக் கொடுக்கும் வேலை: மூன்று நாற்காலிகள்

ஓசூரில் ஒரு கன்சல்டன்சியில் மூன்று வருடம், அப்புறம் தருமபுரியில் ஒரு திறன் பயிற்சி மையத்தில் நான்கு வருடம். ஆட்களுக்கு வேலை பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மாவட்ட வேலைவாய்ப்பகத்து நாற்காலியில் மட்டும் நான் உட்கார்ந்ததில்லை. அதற்கு எதிரே, முகாம் நாட்களில், நிறைய உட்கார்ந்திருக்கிறேன். "எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சிருக்கேன் அண்ணா, இந்த லைன்ல எங்க சேரலாம்?" என்று கேட்டு வருகிற சமூகப்பணிப் பட்டதாரிகளுக்காக மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

சம்பளம் எவ்வளவு என்பதைப் பிறகு கேளுங்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் எதை எண்ணுகிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

கன்சல்டன்சி எண்ணுவது ஜாயினிங், அதாவது அனுப்பிய ஆள் கம்பெனியில் சேர்வது. காசு கம்பெனியிடமிருந்து வரும். ஸ்டாஃப் வேலை என்றால் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. கான்ட்ராக்ட் ஆள் என்றால் தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம். அனுப்பிய ஆள் சொன்ன கெடுவுக்குள் வேலையை விட்டு நின்றுவிட்டால் இன்னொரு ஆளை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கெடு 90 நாள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் டீம் லீடர் எட்டிப் பார்ப்பார்.

அஞ்செட்டிப் பக்கமிருந்து பிளஸ் டூ முடித்த ஒரு பெண் வந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, விடுதி உண்டு, ஷிஃப்ட் வேலை. "லீவுக்கு ஊருக்கு வர முடியுமாண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றேன். பதினோராம் நாள் நின்றுவிட்டாள். என் நோட்டில் 'ரீப்ளேஸ்மென்ட்' என்று ஒரே சொல்லில் அது முடிந்தது. காரணம் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது: சனிக்கிழமை ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். கேட்டிருந்தால் வேறு ஷிஃப்டுக்குப் பேசியிருக்கலாம், அல்லது வேறு இடம் பார்த்திருக்கலாம். கேட்க எனக்கு நேரமில்லை என்பதைவிட, கேட்பது என் வேலையென்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் தொழில் கற்றது அங்கேதான். விளம்பரத்தில் 18,000 என்று இருப்பது கைக்கு எவ்வளவு வரும் என்று எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடிப்படைச் சம்பளம் 13,000 என்று வையுங்கள். பிஎஃப் 12 சதவீதம், 1,560 ரூபாய். இஎஸ்ஐ என்னும் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய். மிச்சம் 16,305. கேன்டீன், விடுதி, பஸ் பிடித்தம் இருந்தால் அது தனி. இதை முதல் நாளே காகிதத்தில் எழுதிக் காட்டினால் முதல் சம்பளத்தன்று "ஏமாத்திட்டீங்க" என்று போன் வராது. பழைய கம்பெனியில் கிடைத்த யுஏஎன் நம்பரை (ஒருவருக்கு ஒன்றே ஒன்றான பிஎஃப் எண்) சொல்லாமல் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு பிஎஃப் பணத்தைத் தேடி அலைகிறவர்கள், ஆதாரில் இனிஷியல் முன்னாலும் டிசியில் பின்னாலும் இருப்பதால் ஜாயினிங் தள்ளிப்போகிறவர்கள் என எல்லாவற்றையும் அந்த நாற்காலியில்தான் பார்த்தேன்.

பயிற்சி மையம் எண்ணுவது மூன்று மாதம். 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா திட்டத்தில், கிராமத்து ஏழைக் குடும்பங்களின் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு இலவசப் பயிற்சி. மையத்துக்கு அரசுப் பணம் தவணையாக வரும். பிந்தைய தவணை வேண்டுமானால் படித்தவர் வேலையில் மூன்று மாதம் நிலைத்ததற்குச் சம்பளச் சான்று காட்ட வேண்டும். இந்த ஒரு விதி உங்கள் குணத்தையே மாற்றிவிடும். விடுதிச் சாப்பாடு எப்படி, அறையில் எத்தனை பேர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நீங்களே கேட்க ஆரம்பிப்பீர்கள். பென்னாகரத்திலும் சித்தேரி மலையிலும் வீடு வீடாகப் போய் அப்பா அம்மாவிடம் பேச வேண்டும். "டிவிஎஸ்ல பெர்மனென்ட் ஆகுமா சார்?" என்று கேட்காத அப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

குறையும் உண்டு. வேலைக்கு அனுப்பிய பெண் நான்காம் மாதம் என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. பேட்ச் நிரப்பும் அவசரம் வேறு. தையல் படிக்க வந்தவளை, அங்கே இடம் காலி என்பதற்காக, துணிக்கடை விற்பனைப் பிரிவில் உட்கார வைத்திருக்கிறோம். நானும் கூட நின்றுதான் செய்தேன்.

வேலைவாய்ப்பகம் அப்படி எதையும் எண்ணி உங்களை விரட்டாது. அங்கே போக டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதி, இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர் பதவி கிடைக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி பதிவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், உதவித்தொகை விண்ணப்பம், அறிக்கை என்று போகும். (பட்டதாரிக்கு உதவித்தொகை மாதம் 600 ரூபாய், அதுவும் பதிந்து ஐந்து வருடம் ஆன பிறகு.) 1959ஆம் வருடச் சட்டம் காலியிடத்தை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்கத்தான் சொன்னது, அங்கிருந்தே ஆள் எடுக்கச் சொல்லவில்லை. அதனால் கம்பெனிகளிடம் அதிகாரம் செல்லாது, பேசித்தான் முகாமுக்குக் கூப்பிட வேண்டும். ஆனால் "இந்த வேலைக்குப் போகாதே, இன்னும் ஒரு வருஷம் ஐடிஐ படி" என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தை முழுசாக வாங்கக்கூடிய நாற்காலி மூன்றில் அது ஒன்றுதான். அதற்காகவே எனக்கு அதன் மேல் கொஞ்சம் பொறாமை.

என் கணக்கு இது. முதல் ஒரு வருடம் கன்சல்டன்சி. இரண்டு தாண்ட வேண்டாம், தாண்டினால் மனிதர்கள் எண்ணிக்கையாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். அப்புறம் பயிற்சி மையம். குரூப் 2க்கு மனமும் பொறுமையும் இருந்தால் இரண்டிலும் இருந்தபடியே படியுங்கள். வேலைவாய்ப்பகத்திலேயே இலவச வகுப்பு நடத்துகிறார்கள்.

வேலை தேடி வருகிறவரிடமே காசு வாங்கும் இடத்தை நான் நான்காவதாகக் கூடச் சேர்க்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு மட்டும், மத்திய அரசில் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் வரை வாங்கச் சட்டத்தில் இடமுண்டு. டீக்கடையில் வைத்து ஒரு லட்சம் கேட்கிறவர் அந்த வகையில் சேரமாட்டார்.

எந்த நாற்காலிக்கு இன்டர்வியூ போனாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் அனுப்பின ஆள் வேலையை விட்டு நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" கன்சல்டன்சியில் என்னிடம் சொன்னது, "வேற ஆள் அனுப்புவோம்." பயிற்சி மையத்தில் சொன்னது, "வீட்டுக்குப் போய்ப் பாருங்க." இரண்டாவது இடத்தில் பெட்ரோல் காசும் கொடுத்தார்கள்.