ஏற்காடு ஆர்க்கிட் கார்டன்: பூ பாக்க போனா ஏமாந்துருவீங்க, வேரு பாக்க போங்க

சேலத்துக்காரங்க யாரும் ஏற்காட்ட டூரிஸ்ட் மாதிரி பாக்க மாட்டோம். வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா வண்டிய எடுத்து மேல ஏத்தணும், ஏரியில போட்டிங், லேடீஸ் சீட்ல போட்டோ, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், இறங்கறப்ப மொளகா பஜ்ஜி, அவ்ளோதான். நானும் நாப்பது வருஷமா இதேதான். இந்த ஆர்க்கிட் கார்டன் போர்ட எத்தனையோ தடவ தாண்டி போயிருக்கேன், ஏதோ கவர்மெண்ட் ஆபீஸ் போலன்னு நெனச்சு நிறுத்துனதே இல்ல. போன மாசம் அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு போனப்போ ஏரிக்கிட்ட பார்க்கிங் கெடைக்காம சுத்தி சுத்தி வந்தோம், ஏற்கனவே 20 கொண்டை ஊசி வளைவு ஏறுனதுல அம்மாவுக்கு கிறுகிறுன்னு இருந்துச்சு, "எங்கயாச்சும் கூட்டமில்லாத எடமா பாத்து நிறுத்து கண்ணு"ன்னு சொல்லவும் சரின்னு அங்க திருப்பிட்டேன். அப்படித்தான் உள்ள போனது, வேற பெரிய திட்டமெல்லாம் கெடையாது.

முதல்லயே சொல்லிடறேன், ஊட்டி பொட்டானிக்கல் கார்டன், பெங்களூரு லால்பாக் மாதிரி நெனச்சுட்டு போனா வெளிய வந்து திட்டுவீங்க. கம்பளம் விரிச்ச மாதிரி புல்தரை, பூவால பண்ண மயிலு, அதெல்லாம் வேணும்னா மே மாசம் கோடை விழா அப்போ அண்ணா பார்க் போங்க. இது வேற சரக்கு. நாட்டுல இருக்கற செடி கொடிய ஆராய்ச்சி பண்ற பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியான்னு 1890ல வெள்ளைக்காரன் ஆரம்பிச்ச நிறுவனம் இருக்குல்ல, அவங்க 1963ல இங்க போட்ட தோட்டம், 18.4 ஹெக்டேர், நம்ம கணக்குல 45 ஏக்கர். காட்டுல அழிஞ்சுட்டு வர்ற ஆர்க்கிட்ட கொண்டுவந்து வளத்து காப்பாத்தறதுதான் வேலையே. நாம பாக்கணும்னு வெச்சதில்ல, செடி பொழைக்கணும்னு வெச்சது, அத மனசுல வெச்சுட்டு உள்ள போனா தப்பா தெரியாது.

நாங்க போனப்போ பூன்னு பாத்தா அங்கொன்னு இங்கொன்னுதான். அதுலயும் ஒன்னு சுண்டு விரல் நகம் சைஸுகூட இல்ல. பையன் முகத்த தூக்கி வெச்சுக்கிட்டான். கடையில விக்கற ஊதா கலர் ஆர்க்கிட்ட மனசுல வெச்சுட்டு வந்தா அப்படித்தான் ஆகும், நம்ம நாட்டுலயே 1,256 வகை ஆர்க்கிட் இருக்குதாம், ஒன்னொன்னுக்கு ஒரு சீசன், எல்லாம் நாம வர்ற அன்னிக்கே பூத்து நிக்குமா.

ஆனா அங்க வேல பாக்கற ஒரு அண்ணன் பண்ண ஒரு வேலைக்காகவே இந்த ரிவ்யூ எழுதறேன். அம்மா வரிசையா தொங்கிட்டு இருந்த செடிங்கள பாத்துட்டு, "இதென்ன தம்பி, எங்க மாமரத்துல மொளைக்கிற புல்லுருவியாட்டம் இருக்குது, இத போயா காசு செலவு பண்ணி வளக்கறீங்க"ன்னு கேட்டுடுச்சு. எனக்கு சங்கடமா போச்சு. அவரு சிரிச்சுட்டு, "அம்மா, புல்லுருவி மரத்துக்குள்ளயே வேர விட்டு சத்த உறிஞ்சும். இது சும்மா மேல உக்காந்திருக்குது, மரத்துகிட்ட ஒன்னும் வாங்கறதில்ல, மழையும் காத்தும் பட்டையில சேர்ற தூசியும் போதும் இதுக்கு"ன்னு சொல்லிட்டு ஒரு வேர காட்டுனாரு. கத்தரிச்சு விட்ட நூல்கண்டு மாதிரி வெள்ளையா, தடிமனா, காஞ்ச மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. செத்துப்போச்சு போலன்னு நான் நெனச்சேன். ஸ்ப்ரே பாட்டில எடுத்து ரெண்டு தடவ அடிச்சாரு பாருங்க, கண்ணு முன்னாடியே வெள்ளை கொஞ்சம் கொஞ்சமா பச்சையா மாறுது! மேல இருக்கற தோலு ஸ்பான்ஜ் மாதிரி தண்ணிய குடிச்சவொடனே கண்ணாடி மாதிரி ஆயிடுதாம், உள்ள இருக்கற பச்சை அப்போ வெளிய தெரியுதாம். எலை மாதிரியே வேரும் வெயில்ல தனக்கு சாப்பாடு சமைக்கும்னாரு. பையன் "இன்னொரு தடவ, இன்னொரு தடவ"ன்னு ஆறு வேருக்கு தண்ணி அடிக்க வெச்சுட்டான், அவரும் சலிக்காம அடிச்சாரு.

அங்கதான் எனக்கு பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. போன வருஷம் ஏரிப்பக்கம் ரோட்டோரத்துல ஒருத்தருகிட்ட 350 ரூவா குடுத்து ஒரு ஆர்க்கிட் வாங்கிட்டு போனேன், கருப்பு கவர்ல செம்மண்ண போட்டு அமுக்கி, "தெனமும் தண்ணி ஊத்துங்க சார், சூப்பரா வரும்"னு சொல்லி குடுத்தாரு, நானும் தெனமும் ஊத்துனேன், ரெண்டே வாரத்துல அடியில கொழகொழன்னு அழுகி நாத்தம் அடிச்சுது. காத்துல தொங்கவேண்டிய வேர சேத்துக்குள்ள பொதச்சா எப்படி மூச்சு விடும். மரத்துல வளர்ற வகையா இருந்தா கரித்துண்டு, தேங்கா மட்டை, ஓட்டுச்சில்லு இதுல கட்டி விட்டா போதுமாம், மண்ணே ஆகாது. 350 ரூவா போனது போனதுதான், வாங்கறதுக்கு முன்னாடி இங்க வந்திருந்தா தப்பிச்சிருப்பேன்.

வெதை கதை இன்னும் மோசம். ஒரு காய்க்குள்ள லட்சக்கணக்குல வெதை இருக்குமாம், தூசி மாதிரி, ஆனா ஒன்னுத்துலயும் சாப்பாடு கெடையாது, அதுக்குன்னு ஒரு பூஞ்சை வந்து ஊட்டி விட்டாத்தான் மொளைக்கும். அதனாலதான் காட்ட அழிச்சுட்டு செடிய மட்டும் எங்கயாவது நட்டுக்கலாம்னா நடக்காது.

குடுவைச் செடியும் இருக்கு, நெப்பந்தஸ், பூச்சி திங்கறது. குடுவைச் செடியில நம்ம நாட்டுல தானா வளர்றது இந்த ஒரே வகைதான், சொந்த ஊரு மேகாலயா காசி மலை. எலை நுனி நீண்டு போய் சொம்பு மாதிரி தொங்குது. பையன் மூடி எப்போ மூடும்னு பத்து நிமிஷம் நின்னு பாத்தான். அது மூடவே மூடாதுடா, மழைத்தண்ணி உள்ள விழாம இருக்கத்தான் அந்த மூடி, பூச்சி தானா விளிம்புல வழுக்கி உள்ள விழுந்து கரைஞ்சு போயிரும்னு சொன்னதும் "அப்போ இது ஏமாத்து வேலை"ன்னான். அப்புறம் தட்டுனா மணி மாதிரி சத்தம் வர்ற பாறை ஒன்னு, அதுல அவனுக்கு கோவம் தீந்துச்சு.

எனக்கு இன்னொன்னும் தோணுச்சு. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காபியும் பழ மரமும் கொண்டுவந்து நட்டதுல இருந்து இந்த மலையே ஒரு பரிசோதனைத் தோட்டந்தான். காபி அரபு நாட்டுப் பக்கம் இருந்து வந்தது, நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன். ஆனா இந்த சேர்வராயன் (ஷெவராய்) மலை பேரையே வெச்ச மரம் ஒன்னு இருக்கு, வெர்னோனியா ஷெவராயென்சிஸ், சூரியகாந்தி குடும்பத்துல மரமா வளர்றது, அது பேரு இந்த ஊர்ல எத்தன பேருக்கு தெரியும், எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

குறைன்னா, கூட யாராவது சொல்லித்தந்தாத்தான் ரசிக்க முடியும். போர்டுல பேரெல்லாம் லத்தீன்ல வாயில நொழையாத மாதிரிதான் எழுத வேண்டியிருக்கும், அறிவியல் பேரு அப்படித்தான், அத மட்டும் படிச்சுட்டு வந்தா அரைமணி நேரத்துல போர் அடிச்சிரும். அங்க இருக்கறவங்ககிட்ட கூச்சப்படாம பேச்சு குடுங்க. எங்கம்மாவ மாதிரி தப்பா கேட்டாக்கூட பரவால்ல.

அம்மா ஊருக்கு போனதும் போன் பண்ணுச்சு. பின்பக்கத்து மாமரத்துல ரெண்டு கொத்து இருக்குதாம், வெள்ளை வேரா தொங்குதாம். அப்பா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் கொக்கி போட்டு சொரண்டி விடுவாரு, மரத்துக்கு ஆகாதுன்னு. "பாவம், அது எதுவும் திங்கலியாமா"ன்னுச்சு.

போறவங்க தெறந்திருக்கான்னு விசாரிச்சுட்டு கெளம்புங்க. மழை தூறுனா பாதை வழுக்கும், நல்ல செருப்பு போடுங்க. நீங்க 4 ஸ்டார் குடுப்பீங்களோ 2 குடுப்பீங்களோ, நான் 4. கேமராவ விட ஒரு பூதக்கண்ணாடி எடுத்துட்டு போனா உபயோகம். பஜ்ஜி மட்டும் திரும்பி வர்றப்போ சாப்புடுங்க, வளைவு இறங்கறதுக்கு முன்னாடி வேணாம்.