காருக்குப் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம்: மைக்ரானையும் வாரண்டி ஆண்டுகளையும் தாண்டிப் பார்க்க வேண்டியவை

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் நாள்தோறும் போய்வரும் காரின் பானெட்டை இரண்டு ஆண்டுகள் கழித்து வெயிலில் சாய்வாகப் பார்த்தால், கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அந்த வழியில்தான் வேலைக்குச் செல்கிறேன் என்பதால், புதிதாக வாங்கிய அடர்நீலச் சிறிய எஸ்யூவிக்கு, பிபிஎஃப் என்று கடைகளில் அழைக்கப்படும் நிறமற்ற பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டுவது என்று முடிவு செய்தேன். சென்னையில் சில டீடெய்லிங் கடைகளில், அதாவது காரின் தோற்றத்தைப் பராமரிக்கும் கடைகளில் விசாரித்து, மாதிரித் துண்டுகளை வாங்கிச் சோதித்து, காரின் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டி, ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் கடைக்காரர்கள் முதலில் எடுத்துச் சொல்லும் தடிமனும் வாரண்டி ஆண்டுகளும் தேர்வுக்குப் பெரிதாக உதவவில்லை. ஃபிலிமின் மேல்பூச்சு, அடியிலுள்ள பசை, அதை ஒட்டுபவரின் கை ஆகிய மூன்றும்தான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

தொழிற்சாலையில் பூசப்படும் பெயின்ட் அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டித்தான் இருக்கும். அதில் மேலே பளபளப்பைத் தரும் கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் வரை இருப்பதால், அந்தப் பெயின்ட்டை விடத் தடிமனான ஒரு தோலைத்தான் நாம் அதன் மேல் போர்த்துகிறோம். ஷோரூமில் கார் எடுக்கும்போதே விற்கப் பார்க்கும் டெஃப்லான் கோட்டிங்கும், சற்று விலை கூடிய செராமிக் கோட்டிங்கும் சில மைக்ரானைத் தாண்டாதவை. தண்ணீர் நிற்காமல் வழிந்தோடவும், கழுவுவது எளிதாகவும் அவை உதவும்; எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வந்து மோதும் ஜல்லித் துண்டைத் தடுக்க அவற்றால் ஆகாது. வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காப்பதற்காக 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் டேப்பின் வழிவந்ததுதான் இன்றைய பிபிஎஃப். கல்லடி தாங்குவதே அதன் பிறவிக் குணம்; பளபளப்பெல்லாம் பின்னர் வந்து சேர்ந்தது.

சந்தையில் பிபிஎஃப் என்ற ஒரே பெயரில் மூன்று வகைப் பொருள்கள் விற்கின்றன. விலை குறைந்தது பிவிசி. அதை நெகிழச் செய்யச் சேர்க்கும் வேதிப்பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடுவதால், நம் ஊர் வெப்பத்தில் விறைத்து, மஞ்சளித்து, ஓரங்களில் வெடிக்கத் தொடங்கிவிடும். இடையில் டிபிஹெச் என்று ஒன்று இருக்கிறது. பெயர் புதிதாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட பிவிசியின் உறவுதான் அது. மூன்றாவது டிபியு, அதாவது வெப்பத்தில் இளகும் பாலியூரித்தேன். இதிலும் அரோமேட்டிக், அலிஃபாட்டிக் என்று இரண்டு உண்டு. அரோமேட்டிக் வகையின் மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரில் சிதைந்து மஞ்சளாகும். அலிஃபாட்டிக் வகை அதைத் தாங்கும். டிபியு என்று கடைக்காரர் சொன்னதும் தலையசைத்துவிடாமல் எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள். நான் விசாரித்த இடங்களில் ஒரே ஒருவர்தான் கேள்வி புரிந்து பதில் சொன்னார். கடைசியில் வேலையை அவரிடம் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தடிமனைப் பற்றி ஒரு சொல். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; பெட்டியில் அச்சிட்டிருக்கும் 8 மில் என்பது சுமார் 200 மைக்ரான். ஆனால் சிலர் டிபியு அடுக்கை மட்டும் கணக்கிடுகிறார்கள். சிலர் பசையையும் மேல்பூச்சையும் சேர்த்துக் கொள்கிறார்கள். உரித்து எறியப்போகும் அடித்தாளையும் சேர்த்துச் சொல்பவர்களும் இல்லாமல் இல்லை. தடிமன் கூடக்கூட, பம்பரின் மடிப்புகளிலும் பக்கக் கண்ணாடிக் கூண்டின் வளைவுகளிலும் ஃபிலிமைப் படிய வைப்பது கடினமாகி, ஓரம் தூக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. நம் சாலைக்கு 7.5 மில் போதும் என்பது என் கருத்து.

பிராண்டுகளில் அமெரிக்க எக்ஸ்பெல், 3எம் ஆகியவையும், ஈஸ்ட்மேன் நிறுவனத்தின் லூமர், சன்டெக் ஆகியவையும் இங்கே பரவலாகக் கிடைக்கின்றன. இந்தியாவிலேயே தயாரிக்கும் கார்வேர் ஹை-டெக் ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலைகள், முன்பு அவுரங்காபாத் என்றிருந்த சத்ரபதி சம்பாஜிநகரில் உள்ளன. இவை போக, ஒவ்வொரு கடையும் தன் பெயரில் அச்சிட்டு விற்கும் ரோல்கள் ஏராளம். நான் ஒட்டியது எந்த நிறுவனத்தின் ஃபிலிம் என்பதைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு: ஒரே நிறுவனம் ஒரே பெயரின் கீழ் மூன்று நான்கு தரங்களில் விற்கிறது, தரத்தின் பெயரும் அடிக்கடி மாறுகிறது. ஆகவே பிராண்டின் பெயரை நம்பிப் போவதை விட, உங்கள் காரில் ஒட்டப்போகும் அதே ரோலிலிருந்து கையகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குவது பயன் தரும். தர மறுக்கும் கடையில் நான் மேற்கொண்டு பேசவில்லை.

அப்படி வாங்கிய துண்டுகளைப் பழைய கார் ஒன்றின் கழற்றிப் போட்ட கறுப்புக் கதவில் ஒட்டிச் சோதித்தேன். கடைகளில் வழக்கமாகக் காட்டுவது பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, வெந்நீர் ஊற்றிக் கீறல்கள் மறைவதைக் காட்டும் வித்தை. உண்மையிலேயே மறைகின்றன, மேல்பூச்சின் மீள்தன்மை சூட்டில் உயிர்பெற்று, மெல்லிய சுழல் கீறல்கள் இருந்த இடம் தெரியாமல் போகின்றன. ஆனால் புதிய டிபியு ஃபிலிம்கள் பெரும்பாலானவற்றில் இது நடக்கும் என்பதால், நல்லதையும் மட்டமானதையும் பிரிக்க அந்த வித்தை உதவாது. எனக்கு உதவியது மஞ்சளும் குங்குமமும்தான். ஆயுத பூஜையன்று பானெட்டில் சந்தனமும் குங்குமமும் அப்பி மாலை வரை விட்டுவிடுவது பல வீடுகளிலும் நடப்பது; புதிய கார் கோயில் வாசலில் நிற்கும்போது அர்ச்சகர் கை வைப்பதும் முதலில் பானெட்டில்தான். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, குங்குமத்துடன் ஒவ்வொரு துண்டிலும் பொட்டு வைத்து ஓர் இரவு காய விட்டேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது ஒன்றில் சுவடே இல்லை. இன்னொன்றில் வெளிறிய மஞ்சள் நிழல் தங்கிவிட்டது. கடையின் சொந்தப் பெயரில் வந்த மூன்றாவதில் குங்குமத்தின் சிவப்பு வட்டம் விளிம்போடு பதிந்து, ஷாம்பு போட்டும் போகவில்லை. மேல்பூச்சு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை இதைவிடச் சிக்கனமாக அறிய வழி எனக்குத் தெரியவில்லை. மஞ்சளின் கறை வெயிலில் நாளடைவில் வெளிறிவிடும் என்பது உண்மைதான். குங்குமத்தில் சேர்க்கும் சாயத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பசையைச் சோதிக்க, துண்டைச் சில நாள் மொட்டை மாடி வெயிலில் விட்டு, பிறகு உரித்துப் பார்த்தேன். நல்ல ஃபிலிம் ஒரே தோலாகக் கழன்று வந்தது. மட்டமானது பசையைப் பெயின்ட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. அதை எடுக்க மண்ணெண்ணெயும் பொறுமையும் வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து முழுக் காரிலும் அந்த வேலையைச் செய்ய நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், இன்று விலையில் மிச்சமாகும் பணம் பெரிதாகத் தோன்றாது.

இனி ஒட்டும் வேலை. ஏறக்குறைய பாதிப் பணம் இதற்குத்தான் போகிறது. கடைக்குக் கடை அதிகம் வேறுபடுவதும் இதில்தான். பெயின்ட்டை நன்கு கழுவி, இரும்புத் துகள்களைக் கரைக்கும் திரவம் தெளித்து, களிமண் போன்ற கட்டியால் தேய்த்து, கையால் தடவினால் கண்ணாடி போல் வழுக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஃபிலிம் எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அதன் மேல் ஃபிலிமை மிதக்க விட்டு, இடம் பார்த்து நகர்த்தி, ஸ்க்வீஜி எனும் தண்ணீர் தள்ளும் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். ஓரங்களில் மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீர். அது பட்டால் பசை உடனே பிடிக்கும். என் காரில் வேலை செய்த இளைஞர், பானெட்டின் முன் உதட்டில் ஃபிலிமை விரல் நுனியால் கீழே மடித்து, ஹீட் கன்னைச் சில நொடிகள் மட்டும் காட்டி, அது ஆறும்வரை கட்டை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றார். அடுத்த விரற்கடைக்கும் அதே முறை. ஒரு பானெட்டின் விளிம்புக்கு மட்டும் அரை நாள் எடுத்துக்கொண்டார். அந்த மடிப்பு ஓராண்டாகியும் தூக்கவில்லை.

ஃபிலிமை எப்படி வெட்டுகிறார்கள் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். கார் மாடலின் அளவுகளைக் கணினியில் வைத்துக்கொண்டு பிளாட்டர் எனும் வெட்டும் இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டி ஒட்டுவது ஒரு முறை. பெரிய துண்டைக் காரின் மேல் விரித்து, ஓரத்தைப் பிளேடால் சீவுவது இன்னொன்று. இரண்டாவதில் தையலே தெரியாத முழுப் போர்வை கிடைக்கும். ஆனால் பிளேடைப் பிடிக்கும் கை ஒரு நொடி அழுத்திவிட்டால் கிளியர் கோட்டில் கோடு விழும். அது ஃபிலிமுக்கு அடியில் மறைந்திருந்து, உரிக்கும் நாளில்தான் வெளிப்படும். விசாரிக்கச் சென்ற ஒரு கடையில், திறந்த ஷட்டருக்கு அருகே, சாலைத் தூசி உள்ளே வர, பக்கத்தில் வேறொரு காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபிலிம் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டி முடித்த கதவில் விளக்கொளி விழுந்தபோது, உள்ளே சிக்கிய தூசி மணிகள் வரிசையாகத் தெரிந்தன. மூடிய அறை, ஈரமாக்கிய தரை, வரிசையாக எரியும் எல்இடி விளக்குகள் ஆகியவை இல்லாத இடத்தில் எந்த உயர்ந்த ரோலும் வீண்தான்.

எவ்வளவு பரப்பில் ஒட்டுவது என்பதில் கடைக்காரரின் விருப்பமும் நம் தேவையும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. என் அளவுக் காருக்கு நல்ல டிபியு ஃபிலிமை முழு உடலுக்கும் ஒட்ட ஏறத்தாழ எண்பதாயிரம் ரூபாயில் தொடங்கி இரண்டு லட்சம் வரை விலை சொன்னார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். முன் பம்பர், பானெட், இரு ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிக் கூண்டுகள், ஹெட்லைட்டுகள் ஆகியவற்றுக்கு மட்டும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கல் வந்து விழுவது அங்கேதான். அவற்றோடு, மோதிரமும் நகமும் கீறும் கதவுப் பிடிகளின் குழிவுகள், பெட்டி உரசும் பின் பம்பரின் மேல்விளிம்பு, ஜன்னல்களுக்கு இடையில் பளபளக்கும் கறுப்புத் தூண்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டேன். கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் ஒட்டச் சொல்லி எவ்வளவோ வற்புறுத்தினார்கள். அங்கே எந்தக் கல்லும் விழப்போவதில்லை. ஆனால் புளிய மரத்தடியிலோ காக்கைகள் அடையும் வேப்ப மரத்தடியிலோ நாள்தோறும் நிறுத்த வேண்டியவர்களின் கணக்கு வேறு. எச்சத்தின் அமிலம் வெயிலில் கிளியர் கோட்டை அரித்துவிடும் என்பதால் அவர்களுக்குக் கூரையும் தேவைப்படலாம்.

இந்தப் பணத்துக்குப் பேனல்களைத் திரும்பப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பணக் கணக்கில் அது சரி. ஆனால் தொழிற்சாலையில் வெறும் உடல் கூட்டை மட்டும் 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வாட்டிப் பெயின்ட்டைப் பிடிக்க வைக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக்கும் வயர்களும் உள்ள காரை 60, 70 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியாது. முதல் பெயின்ட்டின் உறுதி இரண்டாவதற்கு வருவதில்லை; பழைய கார் வாங்க வருபவர் தடிமன் மீட்டரை வைத்ததும் அது தெரிந்தும் விடும்.

ஓராண்டுப் பயன்பாட்டில் கண்டவை: பானெட்டில் இரண்டு இடங்களில் ஃபிலிம் குழிந்திருக்கிறது, அடியில் பெயின்ட் முழுதாக இருக்கிறது. முன் பம்பரில் நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஓர் இடத்தில் கல் ஃபிலிமைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்த அளவு அடியை எதுவும் தாங்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் காலையில் கார் துடைப்பவர் அதே துணியால் நான்கு கார்களைத் துடைப்பதால் விழும் கீறல்கள், அடுத்த நாள் மதிய வெயிலில் மறைந்துவிடுகின்றன. அடித்தளத்தில் நிழலிலேயே நிற்கும் காருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. உப்பான போர்வெல் தண்ணீர் காய்ந்து உண்டாகும் வெள்ளை வட்டங்களை ஃபிலிம் தடுக்கவில்லை. உடனே துடைக்காவிட்டால் மேல்பூச்சிலும் அவை பதிகின்றன. ஒட்டிய புதிதில் தெரிந்த சிறு நீர்க் கொப்புளங்கள் சில வாரங்களில் தாமாகவே காய்ந்துபோயின; அவற்றை ஊசியால் குத்தத் தேவையில்லை. மடிக்க இடமில்லாத ஃபெண்டர் ஓரத்தில் அழுக்குக் கோடு ஒன்று படிகிறது. என் நீலக் காரில் அது தெரிவதில்லை; வெள்ளைக் காரில் தெரியும்.

ஏற்கெனவே டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த பேனலில் ஒட்டுவதாக இருந்தால், கடைக்காரரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புதிதாக அடித்த பெயின்ட் முழுதாக இறுகக் குறைந்தது ஒரு மாதமாவது விட வேண்டும். அடிப்படை சரியில்லாத ரீ-பெயின்ட் ஃபிலிமை உரிக்கும்போது கூடவே பெயர்ந்து வந்துவிடும். நிறமுள்ள பிபிஎஃப் ஒட்டிக் காரின் நிறத்தையே மாற்றுபவர்கள் ஆர்சியில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிறமற்ற ஃபிலிமுக்கு அந்த வேலை இல்லை.

வாரண்டி அட்டையில் ஐந்து, பத்து என்று ஆண்டுகள் போட்டிருந்தாலும், அது மஞ்சளிப்பு, வெடிப்பு, தானாக உரிதல் ஆகியவற்றுக்குத்தான். கல் கிழித்ததற்கு இல்லை. புதிய ஃபிலிமை நிறுவனம் கொடுத்தாலும், பழையதை உரித்துப் புதியதை ஒட்டும் கூலி யாருடையது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்க வேண்டும். ரோலின் சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கார் எண்ணோடு பதிவு செய்து, நம் கைபேசிக்குச் செய்தி வந்த பிறகு மீதித் தொகையைக் கொடுத்தால் போதும். அந்த எண்ணை ரோலின் பெட்டியிலிருந்து நானே படம் எடுத்துக்கொண்டேன், கடைக்காரரும் மறுப்புச் சொல்லவில்லை.