டிவிக்கும் நெட்டுக்கும் ஒரே பெட்டி: சிஏடிவி போர்ட் வைத்த எக்ஸ்பான் ஓஎன்யூ தேறுமா?

கோஆக்ஸ் (செம்பு கேபிள்) லைனைக் கழற்றிவிட்டு வீடுவரை ஃபைபர் இழுக்கும் உள்ளூர் கேபிள் ஆப்பரேட்டர்கள் முதலில் விலை கேட்பது, கேபிள் டிவி (சிஏடிவி) போர்ட்டும் வைத்த இந்த எக்ஸ்பான் ஓஎன்யூ பெட்டியைத்தான்; ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ‘பான்’ லைனில் வீட்டு முனையில் மாட்டுவது இது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒரே ட்ராப் ஃபைபரில் டிவி 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. நெட் 1490-இல் இறங்கி 1310-இல் ஏறுகிறது. பெட்டிக்குள் இருக்கும் டபிள்யூடிஎம் இரண்டையும் பிரித்து, டிவியை எஃப் கனெக்டருக்கும் (கோஆக்ஸ் மாட்டும் திருகு போர்ட்) நெட்டை லேன், வைஃபைக்கும் கொடுக்கிறது. வீட்டில் இருக்கும் டிவிபி-சி (டிஜிட்டல் கேபிள்) செட்டாப் பாக்ஸ் அப்படியே ஓடும். கேபிளும் நெட்டும் சேர்ந்த ஹைப்ரிட் பாக்ஸ் வாங்குகிறவருக்கு லேன் போர்ட் தயார். கம்பத்து ஆம்ப்ளிஃபையரும் அதற்கு 60 வோல்ட் ஏற்றும் பவர் இன்சர்ட்டரும் இனி வேண்டாம். வீட்டிலிருந்து சிக்னல் திரும்பி வரும் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் ரிட்டர்ன் பாத்தில் புகுந்து மோடங்களைத் தூக்கியடிக்கும் இரைச்சலும் தொலைந்தது. வாங்கலாம், தாராளமாக. ஆனால் கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல.

வித்தியாசம் டிவி ரிசீவரில் இருக்கிறது. ஏஜிசி (லெவலைத் தானே சரிசெய்யும் வசதி) உள்ளதா என்பதே முதல் கேள்வி. இல்லாத பெட்டியில் ஃபைபர் வெளிச்சம் 1 டிபி (டெசிபெல்) குறைந்தால் ஆர்எஃப், அதாவது டிவிக்குப் போகும் சிக்னல், 2 டிபி குறையும். தெருவின் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் 5 டிபி வித்தியாசம் என்றால் டிவி லெவலில் அது 10 டிபி. 64 க்வாம் (டிஜிட்டல் கேபிள் சேனல்களை அனுப்பும் ஒரு முறை) சிக்னலுக்கு செட்டாப் பாக்ஸ் வாசலில் 47 முதல் 67 டிபி மைக்ரோவோல்ட் இருப்பது நல்லது. இரண்டு டிவிக்கு ஸ்ப்ளிட்டர் போட்டால் 4 டிபி போய்விடும். லேபிளில் “-18 வரை வேலை செய்யும்” என்று அச்சடித்திருப்பதை நம்பி மொத்தமாக ஆர்டர் போடாதீர்கள். சாம்பிள் பெட்டியில் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு ஆப்டிகல் அட்டெனுவேட்டரை வைத்து -2, -6, -10 டிபிஎம் (வெளிச்சத்தின் பலம்; எண் கீழே போனால் பலம் குறைவு) மூன்றிலும் எம்இஆர், அதாவது டிவி சிக்னலின் சுத்தம், எத்தனை டிபி என்று பாருங்கள். -10-இலும் 30-க்கு மேல் நின்றால் நல்ல பெட்டி. 26-க்குக் கீழே இறங்கினால் கனமான சேனல்களில் படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பிக்கும்.

இந்தச் சோதனைக்கு -10 ஏன் போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிவி வெளிச்சத்தைப் பெருக்கும் இடிஎஃப்ஏ, நெட்டையும் அதே ஃபைபரில் சேர்க்கும் பான் கம்பைனர் உள்ளே வைத்தது, போர்ட்டுக்கு 19 டிபிஎம். வெளிச்சத்தை எட்டாகச் சமமாகப் பிரிக்கும் 1:8 பிஎல்சி ஸ்ப்ளிட்டர் இரண்டு கட்டமாக, 10.5 வீதம் 21 டிபி. 5 கிலோமீட்டர் ஃபைபருக்கு 1.25, நாலு கனெக்டருக்கு 1.2. வீட்டில் சுமார் -4.5 டிபிஎம் கிடைக்கும். நெட் பக்கம் ஓஎல்டி (கன்ட்ரோல் ரூமிலிருந்து நெட் அனுப்பும் பெட்டி) 3 டிபிஎம் கொடுத்தால், கம்பைனரில் 1 டிபி போக, -20.5 வரும், பி பிளஸ் வகுப்பு (பான் கருவிகளின் ஒரு பவர் தரம்) பெட்டிக்கு -27 வரை இடமிருக்கிறது. பிறகு கோடை வெயில், தூசி, மறு ஜாயின்ட் எல்லாம் சேர்ந்து இன்னும் 4, 5 டிபி தின்றாலும் இரண்டும் பிழைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. டிரான்ஸ்மிட்டரின் எஸ்பிஎஸ் அமைப்பு (பலமான வெளிச்சம் ஃபைபரில் பின்னோக்கிச் சிதறாமல் தடுப்பது) 16 டிபிஎம்மில் இருக்க, 19 டிபிஎம்மைப் பிரிக்காமல் ஒரே ஃபைபரில் 15 கிலோமீட்டர் அனுப்பினால் எம்இஆர் சரியும். பவர் மீட்டரோ எல்லாம் சரி என்றே சொல்லும். கன்ட்ரோல் ரூமிலேயே முதல் ஸ்ப்ளிட்டரைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய நோட் (ஃபைபரிலிருந்து கோஆக்ஸுக்கு மாற்றும் பெட்டி) லைனில் கிடக்கும், வெளிச்சத்தை 90/10, 80/20 எனப் பிரிக்கும் கப்ளர்களை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அவை ஃபைபர்களை உருக்கி ஒட்டிச் செய்த எஃப்பிடி வகை; எஃப்பிடி கப்ளரின் விகிதம் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும். 1310-க்கோ 1550-க்கோ மட்டும் செய்த கப்ளரில் டிவி சரியாக இருக்கும், நெட் ஏறாது, அல்லது தலைகீழாக. மூன்று அலைநீளத்துக்கும் செய்தது என்று எழுதியிருந்தால் மட்டும் விட்டுவையுங்கள். பிஎல்சி ஸ்ப்ளிட்டரில் இந்தப் பிரச்சினை கிடையாது.

“நெட் ஓடுது, டிவி மட்டும் உடையுது” என்று புகார் வந்தால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் ட்ராப் ஒயர் வளைவைப் பாருங்கள். வளைவில் 1550 தான் அதிகம் கசியும். கதவு நிலையில் மடக்கி ஆணியடித்த இடம், ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டிய டேக் இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். வளைவு தாங்கும் ஜி.657ஏ2 ரக ட்ராப் ஒயர் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும். அடுத்தது கனெக்டர். இந்தப் பெட்டிகளில் ஃபைபர் செருகும் போர்ட் பச்சை எஸ்சி/ஏபிசி, முகம் சாய்வாக இருக்கும். அதில் நேர் முகம் உள்ள நீல ஃபாஸ்ட் கனெக்டரைச் செருகினால் முகங்கள் முழுதாக ஒட்டாது. நெட் எப்படியோ ஓடும், டிவி எதிரொளிப்பில் சாகும். கையிருப்பு தீர்ந்தது என்று நீலத்தை மாட்டிவிட்டு வரும் பழக்கத்தை லைன்மேனிடம் முதலிலேயே கண்டித்துவிடுங்கள். சாதாரண பவர் மீட்டரும் இங்கே ஏமாற்றும்: பலமான 1550-ஐத்தான் அது காட்டும், 1490 செத்துப்போயிருந்தாலும் தெரியாது. அலைநீளம் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் கொஞ்சம் விலை கூடத்தான். ஒன்றாவது இல்லாமல் முடியாது. இடிஎஃப்ஏ போர்ட்டைக் கழற்றும் முன் சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும். 19 டிபிஎம் என்பது கிட்டத்தட்ட 80 மில்லிவாட் லேசர், கண்ணுக்கே தெரியாது.

நெட் பக்கம் விரைவாகச் சொல்லிவிடலாம். விலை குறைந்த மாடல்களில் ஒரு லேன் மட்டும் கிகாபிட், மற்றது 100 எம்பிபிஎஸ், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 200 எம்பிபிஎஸ் பிளான் விற்கும் இடத்தில் அது சண்டையில்தான் முடியும், 5 கிகாஹெர்ட்ஸும் உள்ளதை எடுங்கள். ஓஎல்டி வேறு கம்பெனி என்றால் விலேன் (ஒரே லைனில் நெட் சேவைகளைத் தனித்தனியாகப் பிரிப்பது) அமைப்பும், டிவி போர்ட்டைத் தூரத்திலிருந்தே அணைத்துப் போடும் வசதியும் உங்கள் ஓஎல்டியிலிருந்து வேலை செய்கிறதா என்று சாம்பிளிலேயே பார்த்துவிட வேண்டும். பெட்டி பதிவாகிவிடும், இந்த இரண்டும் சண்டித்தனம் செய்யும்.

இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்ததற்கு ஒரு விலை உண்டு. மாடிக்குப் போகும் கோஆக்ஸ் வழியாக இடி இறங்கினால் டிவி, நெட் இரண்டும் சேர்ந்து போகும். அப்படிப்பட்ட பகுதியில் டிவிக்கு மட்டும் தனி மினி நோடும் நெட்டுக்குத் தனி ஓஎன்யூவும் மேல். எது போனதோ அதை மட்டும் மாற்றலாம். மின்வெட்டிலும் கவனம் வேண்டும்: கோஆக்ஸ் காலத்தில் ஆம்ப்ளிஃபையருக்கு நம் யூபிஎஸ் இருந்தது, இப்போது வீட்டில் கரண்ட் போனால் பெட்டியும் நிற்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் டிவி அந்த லைனில் ஓடும், ஓஎன்யூவை வேறு பிளக்கில் மாட்டியிருப்பார்கள், “கேபிள் வரல” என்று போன் வரும். மாட்டும்போதே இன்வெர்ட்டர் பிளக்கைக் கேட்டு மாட்டுங்கள். 12 வோல்ட் அடாப்டர் பழுதானால் வாடிக்கையாளர் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டுவார். மலிவு அடாப்டரின் இரைச்சல் கீழ் அதிர்வெண் சேனல்களில் ஏறும். நூறு பெட்டி வாங்கும்போது பத்து அடாப்டரைத் தனியாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.